நடக்க முடியாத டாக்டர்... யார் இந்த மேரி வர்கீஸ்?

1954 ஜனவரி. வேலூர் சிஎம்சி டாக்டர்கள் சிலர் போன வண்டி விபத்துல சிக்கியது. மேரி வர்கீஸுக்கு முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே போச்சு. கொச்சி பக்கம் பிறந்த அவருக்கு அப்போ வயசு முப்பதுகூட ஆகலை.

உடைந்த எலும்பு கூடிவிடும். நசுங்கிய தண்டுவடம் கூடாது. ஆனாலும் எலும்பு நிலையாக நின்றால்தான் நிமிர்ந்து உட்காரவாவது முடியும். கொல்லிமலையில் பிறந்த (ஆமாம், நம்ம நாமக்கல்தான்) டாக்டர் பால் பிராண்ட், ஆபரேஷன் செய்து முதுகெலும்புகளை இணைத்தார்.

மகப்பேறு மருத்துவராக நினைத்த மேரி, அதன்பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சிஎம்சியில் அதற்கென்றே துறையை நடத்தினார். 1966-ல் பாகாயத்தில் தனி மையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார். அந்த மையத்துக்கு இப்போ அவர் பெயர்தான்.