முத்துசாமி தீட்சிதர்

முத்துசாமி தீட்சிதர் கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவர். திருவாரூரில் மன்மத ஆண்டு பங்குனி மாதம் பிறந்தார். ஆங்கில ஆண்டுக் கணக்கில் இதனை 1775 என்றும் 1776 என்றும் நூல்கள் குறிக்கின்றன. குருகுஹ என்னும் முத்திரையுடன், பெரும்பாலும் வடமொழியில், நூற்றுக்கணக்கான கிருதிகளை இயற்றினார். சென்னைக்கு வடக்கே மணலியில் வாழ்ந்த காலத்தில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்குப் பாடல் அமைத்தவரும் இவரே.

மணலி வாழ்வு

இவருடைய தந்தை இராமசாமி தீட்சிதர் அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர். தாயார் சுப்பம்மாள். சின்னசாமி, பாலுசாமி ஆகியோர் இவருடைய தம்பியர். மணலி முத்துகிருஷ்ண முதலியார் இக்குடும்பத்தைத் தம் ஊருக்கு அழைத்து ஆதரித்தார். இவர் ஆளுநர் பிகட்டிடம் துபாசியாக இருந்தவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைகளுக்கும் பெயர்பெற்ற இன்றைய மணலி, அன்று திருவொற்றியூருக்கு மேற்கே இருந்த ஒரு சிற்றூர்.

முத்துகிருஷ்ணரின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாருக்குக் கும்பினியாரிடம் செல்வாக்கு இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் நடைபெறும் பாண்டு வாத்திய இசையைக் கேட்கத் தீட்சிதர் குடும்பத்தினரை அவர் அழைத்துச் செல்வார் என்பது மரபுவழிச் செய்தி. அதில் மனம் ஈடுபட்ட பாலுசாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அதனைக் கருநாடக இசைக்கு ஏற்ப வாசித்தார். அண்ணன் முத்துசாமியோ மெட்டுகளை எடுத்துக்கொண்டார்.

நோட்டுசுவரப் பாடல்கள்

இம்மெட்டுகளுக்கு அவர் எழுதியவை நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. முப்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. எல்லாம் சங்கராபரணத்தின் சுவரங்களில் அமைந்தவை. ஐரோப்பியரின் மேஜர் அளவுகோலும் சங்கராபரணமும் ஒரே சுவர வரிசை என்பதே காரணம். இங்கிலாந்தின் நாட்டுப்பண் மெட்டில் அமைந்தது சந்ததம் பாஹிமாம். சியாமளே மீனாட்சி என்பதன் மெட்டை, டுவிங்கிள் டுவிங்கிள் என்ற குழந்தைப் பாட்டின் வழியாக இன்று பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அது பழைய பிரெஞ்சு மெட்டு.

பாடல் எழுதிவிட்டு இசையமைப்பது ஒரு வகை. இரண்டையும் சேர்த்தே உருவாக்குவது தீட்சிதரின் கிருதிகளில் காணும் வகை. நோட்டுசுவரத்தில் இசை முன்பே முடிந்துவிட்டது, மாற்ற இடமில்லை. நீண்ட சுவரம் வரும் இடத்தில் நெடிலோ, ஒற்றடுத்த குறிலோ வேண்டும். குறுகிய சுவரத்துக்குக் குறில் வேண்டும். சொல் பொருள் தரவும் வேண்டும், தெய்வத்தின் பெயரும் தலமும் வந்தமையவும் வேண்டும். இக்கட்டுப்பாட்டுக்குள் மதுரை, காஞ்சிபுரம், சிதம்பரம், திருவாரூர்த் தெய்வங்களை அவர் பாடியிருக்கிறார். தலங்கள் இவ்வாறு பரந்து கிடப்பதை நோக்கினால், இவை அனைத்தும் மணலியிலேயே எழுதப்பட்டன என்று கொள்ள வேண்டியதில்லை.

இப்பாடல்களைச் சிலர் விளையாட்டுப் படைப்புகளாக ஒதுக்குவதுண்டு. கமகம் ஏறக்குறைய இல்லாததால் இவற்றைக் கிருதிகளோடு ஒப்பிட முடியாது என்பது உண்மையே. ஆனால் வேறொன்றையும் கருத வேண்டும். சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கிய தீட்சிதர் அங்கே இந்துஸ்தானி இசையைக் கேட்டார். அதன் பயனை யமுனா கல்யாணி, த்விஜாவந்தி ஆகிய இராகக் கிருதிகளில் காணலாம். அங்கே பிற இசையை உள்வாங்கித் தம் விளம்ப நடையில் கரைத்துவிட்டார். கோட்டையில் கேட்டதை அவ்வாறு கரைக்கவில்லை. மெட்டின் துள்ளலை அப்படியே விட்டு, மொழியை அதற்கு வளைத்தார். இரண்டையும் ஒருவரே செய்தார் என்பது வியப்புக்குரியது.

பிற்காலம்

காசியிலிருந்து திரும்பிய பின் திருத்தணியில் முதல் கிருதியை இயற்றினார் என்பர். கமலாம்பா நவாவரணம், நவக்கிரகக் கிருதிகள் முதலியன பின்னர் வந்தவை. தஞ்சை நால்வர் இவரிடம் பயின்றனர். அவர்களுள் வடிவேலு வயலினிலும் புகழ்பெற்றார்.

பாலுசாமி எட்டயபுரம் அரசவையில் இசைவாணராக அமர்ந்தார். தம்பியைக் காணச் சென்ற முத்துசாமி அங்கேயே 1835 அக்டோபர் 21 அன்று, தீபாவளி நாளில் காலமானார். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் உள்ளது.

பாலுசாமியின் மகள்வயிற்றுப் பேரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதர் 1904-இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை எட்டயபுரத்தில் வெளியிட்டார். நோட்டுசுவரங்கள் அப்பெருநூலில் அன்றி, 1905-இல் அவர் தொடக்கநிலை மாணவருக்காக வெளியிட்ட பிரதமாப்யாச புஸ்தகத்தில் அச்சேறின.