குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

குழந்தைகளே, தைப் பொங்கல் அன்று வீட்டு வாசலில் கரும்பு கட்டுகிறோம். கட்டி முடிப்பதற்குள் ஒரு கணுவை ஒடித்துக் கடித்துப் பார்க்காதவர் உங்களில் யாராவது உண்டா? இருக்க முடியாது!

நான் பள்ளியில் வேலை பார்த்தபோது ஒரு மாணவன் கேட்டான். நெல்லுக்கு விதை உண்டு, சோளத்துக்கு விதை உண்டு, கரும்புக்கு மட்டும் ஏன் விதை கிடையாது என்பது அவன் சந்தேகம். நல்ல கேள்வி. நம் விவசாயிகள் கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, கரணையாகத்தான் நடுகிறார்கள். ஆனால் கரும்பும் பூக்கும். அதற்கும் விதை உண்டு. மிகச் சிறிய விதை. அந்த விதைக்குள்ளும் அதற்கும் உள்ளே இருக்கும் செல்லுக்குள்ளும் எட்டிப் பார்த்தவர்தான் நம் இன்றைய நாயகி, டாக்டர் ஜானகி அம்மாள்.

தலச்சேரித் தோட்டம்

ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி தலச்சேரியில் பிறந்தார். இன்று அது கேரளத்தில் இருக்கிறது. அன்று நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். தந்தை ஈ.கே. கிருஷ்ணன் நீதிபதியாக இருந்தவர். தாய் தேவி. வீடு நிறையப் பிள்ளைகள். எண்ணினால் இருபதுக்கு ஒன்றிரண்டுதான் குறையும்!

தந்தைக்குச் செடிகள் என்றால் உயிர். வீட்டைச் சுற்றிப் பெரிய தோட்டம் போட்டிருந்தார். பறவைகளைப் பற்றி எழுதியும் வந்தார். அந்தத் தோட்டத்தில் ஓடி விளையாடிய ஜானகிக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 100 பெண்களில் ஒருவருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் ஜானகி தலச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்தார். ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அதன் பின் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக வேலை பார்த்தார்.

கல்யாணமா, கப்பலா?

அக்காமார்களுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடந்தது. ஜானகிக்கும் வீட்டில் திருமணப் பேச்சு எழுந்தது. அதே சமயம் அமெரிக்காவில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகையும் கிடைத்தது. ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட பார்பர் உதவித்தொகை அது.

இரண்டில் எது? ஜானகி கப்பல் ஏறினார். வாழ்நாள் முழுவதும் அவர் திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

முதுகலைப் பட்டத்துடன் சென்னைக்குத் திரும்பிச் சில காலம் பாடம் நடத்தினார். மீண்டும் மிச்சிகன் சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், கடல் கடந்து போய் டாக்டர் பட்டத்துடன் வந்தார் என்றால் அது சாதாரணமா?

வெங்காய வேரில் ஒரு பாடம்

அவர் படித்த படிப்பு என்ன தெரியுமா? குரோமோசோம்களைப் பற்றிய படிப்பு.

நம் உடலும் செடிகொடிகளும் செல்களால் ஆனவை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். செல்லுக்குள் உட்கரு இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது உட்கருவுக்குள் நூல் துண்டுகள் போலச் சில தெரியும். அவைதான் குரோமோசோம்கள். பூ என்ன நிறம், இலை என்ன வடிவம், தண்டு இனிக்குமா, இனிக்காதா என்ற செய்திகளெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

ஒரு வெங்காயத்தை, அடிப்பகுதி தண்ணீரில் படும்படி டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். சில நாளில் வெள்ளை வேர் இறங்கும். அந்த வேர் நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்கள் தெரியும். எண்ணினால் 16 இருக்கும். உங்கள் பள்ளியில் மேல்வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் இதைச் செய்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

மனிதனுக்கு 46. நெல்லுக்கு 24. மக்காச்சோளத்துக்கு 20. கரும்புக்கு எவ்வளவு? பருத்த, இனிப்பான கரும்புக்கு 80! எண்ணும்போது கண் வலிக்காதா? ஜானகி அம்மாளுக்கு வலிக்கவில்லை. இதுவே அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது.

கோவையில் கரும்பு

திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார்.

கரும்பு ஆராய்ச்சிக்குக் கோவையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அங்கே கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். வட இந்தியாவின் குளிரில் அது நடக்காது. 1912 முதல் அங்கே பார்பர் என்ற விஞ்ஞானியும் டி.எஸ். வெங்கட்ராமனும் கரும்பை ஒட்டுச் சேர்த்து வந்தார்கள். இனிப்பு மிகுந்த பருத்த கரும்பு ஒரு பக்கம். இனிப்பே இல்லாத, ஆனால் வெயிலையும் நோயையும் தாங்கும் காட்டு நாணல் மறு பக்கம். இரண்டையும் சேர்த்து, 1918-இல் கோ 205 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். கோ என்றால் கோயம்புத்தூர்! ஆலைகளுக்குப் போகும் கரும்பு வகைகளில் இன்றும் நாணலின் ரத்தம் ஓடுகிறது. நம் வராக நதிக் கரையிலும் வெண்ணிறப் பூக்குஞ்சத்தோடு ஆடுகிறதே, அந்த நாணல்தான்.

நம் கரும்புக்கு இனிப்பை ஏற்றியவர் ஜானகி அம்மாள் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொன்னால் முன்னால் உழைத்தவர்களை மறந்ததாகிவிடும். ஜானகி அம்மாள் செய்தது வேறு. இரண்டு செடிகள் சேரும்போது குரோமோசோம்கள் என்ன ஆகின்றன, எத்தனை கூடுகின்றன, எத்தனை குறைகின்றன என்று எண்ணிக் காட்டினார். அது தெரிந்தால்தான் எதை எதோடு சேர்க்கலாம் என்று கணக்குப் போட முடியும். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட அவர் சேர்த்துப் பார்த்தார். அந்தச் செய்தி 1938-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வந்தது. இதற்கிடையே 1935-இல் சர் சி.வி. ராமனின் இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

இத்தனை செய்தும் அவருக்கு நிம்மதி இல்லை. ஆண்களே நிறைந்த இடத்தில் தனி ஒரு பெண். அவருடைய உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. மனம் நொந்தார். ஆனால் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை.

குண்டு மழையில் ஒரு புத்தகம்

1939-இல் ஒரு மாநாட்டுக்காக அவர் பிரிட்டன் போனார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப்போர் வெடித்தது. ஊர் திரும்ப முடியவில்லை. லண்டனுக்கு அருகே ஜான் இன்னஸ் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கொண்டுபோன நம் ஊர் அணில் ஒன்றும் அங்கே செல்லப் பிராணியாக வளர்ந்தது!

இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும். ஜானகி அம்மாள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். பொழுது விடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வார். இப்படி எண்ணி எண்ணிச் சேர்த்த கணக்குகளை வைத்து, டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1945-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மனிதன் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. உலகெங்கும் தாவர விஞ்ஞானிகள் மேசையில் வைத்துப் புரட்டிய நூல் அது.

செங்காந்தளின் மருந்து

போர் முடிந்தபின் விஸ்லி என்ற ஊரில் உள்ள புகழ்பெற்ற தோட்டத்தில் வேலை செய்தார். அங்கே கால்சிசின் என்ற மருந்தைச் செடிகளின் மீது பயன்படுத்தினார். இந்த மருந்து எதில் இருக்கிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. கொடிய விஷம். வேலியோரம் பார்த்தால் ரசியுங்கள், வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!

செல் பிரியப் போகும் நேரத்தில் குரோமோசோம்கள் இரண்டு பங்காகும். பிறகு பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் இழுக்கப்படும். கால்சிசின் அந்த இழுக்கும் நூல்களை உருவாகவிடாமல் தடுத்துவிடும். அதனால் எல்லா குரோமோசோம்களும் ஒரே செல்லில் தங்கி இரட்டிப்பாகிவிடும். இப்படி இரட்டிப்பான செடிகளில் பல, பெரிய பூவும் தடித்த இலையுமாக வளரும். நம் செண்பகத்துக்கு உறவான மக்னோலியா மரங்களில் அவர் இதைச் செய்தார. அவற்றில் ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர். வசந்தம் வந்தால் விஸ்லியில் அது வெள்ளை வெளேரென்று பூக்கிறது.

துள்ளும் மரபணுக்கள்

இங்கே இன்னொரு பெண்மணியையும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஜானகி அம்மாள் கரும்பில் எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சில கதிர்களில் மணிகள் புள்ளி புள்ளியாக இருக்கும். ஏன் அப்படி? குரோமோசோமில் உள்ள சில துண்டுகள் இருந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குத் தாவுகின்றன என்று கண்டுபிடித்தார். நிறம் தரும் மரபணுவில் போய் அது உட்கார்ந்தால் நிறம் அழியும். எழுந்து போனால் நிறம் திரும்பும். அதனால்தான் புள்ளி!

1951-இல் அவர் இதை விளக்கியபோது கேட்டவர்களில் பலருக்குப் புரியவில்லை. 1983-இல், 81-ஆம் வயதில், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தாவும் துண்டுகள் செடியில் மட்டும் இல்லை, நம்மிடமும் உண்டு, தவளையிடமும் உண்டு. ஆப்பிரிக்காவில் கால் விரல்களில் நகமுள்ள ஒரு தவளை இருக்கிறது. 2010-இல் அதன் மரபுச் செய்தி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தாவும் துண்டுகளே! மக்காச்சோளத்திலோ 100-க்கு 85 பங்கு. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தவளைக்கும் குரோமோசோம் 20, மக்காச்சோளத்துக்கும் 20. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் உள்ளே உள்ள செய்தி வேறு வேறு. ஜானகி அம்மாள் காலத்தில் எண்ணினார்கள். இன்று உள்ளே இருப்பதையும் படிக்கிறார்கள்.

தாய்நாடு அழைத்தது

1951-இல் பிரதமர் நேரு, ஜானகி அம்மாளை நாட்டுக்குத் திரும்ப அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். நம் நாட்டுச் செடிகளின் பழைய மாதிரிகள் பல அப்போது இங்கிலாந்தில்தான் இருந்தன. நம் செடியை நாமே தேடி, நாமே பெயர் எழுதி, நாமே காக்க வேண்டும் என்று அவர் பாடுபட்டார். அதற்காகக் காடு மேடெல்லாம் அலைந்தார். பழங்குடி மக்கள் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

1955-இல், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்று ஆராய அமெரிக்காவில் ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர்தான்.

எண்பது வயதில் ஒரு போராட்டம்

1970-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு வந்தார். சென்னையை அடுத்த மதுரவாயலில் உள்ள ஆய்வுக்கூடமே அவர் வீடு. அங்கே மூலிகைகள் வளர்த்தார். பூனைகளும் வளர்த்தார். குட்டிகள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன என்று அவற்றையும் ஆராய்ந்தார்! 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த நாளில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில், குந்திப்புழா ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டார்கள். கட்டினால் பழமையான மழைக்காடு தண்ணீரில் மூழ்கும். மின்சாரமும் வேண்டும்தான். ஆனால் மூழ்கிய காட்டை மறுபடி உண்டாக்க யாரால் முடியும்? காட்டு நாணல் இல்லாவிட்டால் நல்ல ஆலைக் கரும்பு வந்திருக்குமா? நாளைக்கு நமக்கு எந்தக் காட்டுச் செடி தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

எதிர்ப்புத் தெரிவித்தவர்களோடு ஜானகி அம்மாளும் சேர்ந்தார். கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. எண்பது வயதில், அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கினார். தனக்குத் தெரிந்த வேலையைக் கொண்டே போராடினார்!

1984 பிப்ரவரி 7-ஆம் தேதி மதுரவாயலில் அவர் காலமானார். அணைத் திட்டம் கைவிடப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பைப் பார்க்க அவர் இல்லை. காடு இருக்கிறது.

நம் பெரியகுளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் கொடைக்கானல் மலை தெரிகிறது அல்லவா? அங்கே ரோஜா ஆராய்ச்சி செய்யும் ஒரு தம்பதியர், தாங்கள் உருவாக்கிய மஞ்சள் சாயல் கொண்ட புது ரோஜாவுக்கு ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் கடைசிக் காலத்தில் விரும்பி உடுத்திய புடவையின் நிறமும் மஞ்சள்தான்.

அடுத்த பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்கும்போது அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே ஒரு வெங்காயத்தை டம்ளர் தண்ணீரில் வைத்து வேர் விடுகிறதா என்று பாருங்கள். வேர் வந்ததும் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 16 இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்!