வென்றதைத் திருப்பித் தந்த வேந்தர்

பிரயாக்ராஜ் கோட்டையினுள் தொன்மையான கல்தூண் ஒன்று நிற்கிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மாமன்னர் அசோகர் அதில் தமது தர்ம சாசனங்களைப் பொறித்தார். எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுமாறு அவை அறிவுறுத்துகின்றன. ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், அதே தூணில் மற்றொரு மன்னரின் போர் வெற்றிகள் பொறிக்கப்பட்டன. அவரே குப்தப் பேரரசர் சமுத்திரகுப்தர்.

முதலாம் சந்திரகுப்தருக்கும் லிச்சவி குலத்துக் குமாரதேவிக்கும் மகனாகப் பிறந்தவர் அவர். தந்தை அவையோர் முன்னிலையில், கண்களில் நீர் ததும்ப அவரைத் தழுவி, நாட்டைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அவையினர் மகிழ்ந்தனர், ஒத்த குலத்தில் பிறந்த மற்றவர்களின் முகங்களோ வாடின. இச்செய்திகளை அத்தூணில் வடமொழியில் வடித்தவர், அவரது அரசவையில் உயர்பதவி வகித்த ஹரிசேணர் என்னும் புலவர்.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தர் திக்விஜயம் மேற்கொண்டார். வடக்கே ஆரியாவர்த்தத்தில் ஒன்பது மன்னர்களை வேரோடு அகற்றி, அவர்களது நாடுகளைத் தம் ஆட்சியில் இணைத்துக்கொண்டார். அங்கே அவர் இரக்கம் காட்டவில்லை. பின்னர் அவரது படை தெற்கு நோக்கி நடந்தது. கோசலம், பிஷ்டபுரம், வேங்கி முதலிய நாடுகளின் அரசர்களும், காஞ்சியை ஆண்ட விஷ்ணுகோபரும் உட்படப் பன்னிரண்டு மன்னர்கள் தோல்வியுற்றனர்.

தெற்கில் அவரது செயல் வேறாக இருந்தது. சிறைப்பிடித்த மன்னர்களை அவர் விடுவித்தார். அவரவர் நாட்டை அவரவரிடமே ஒப்படைத்தார். பாடலிபுத்திரத்திலிருந்து அத்தனை தொலைவிலுள்ள நாடுகளை நேரடியாக ஆள்வது அரிது என்ற அரசியல் அறிவும் இதில் அடங்கியிருக்கலாம். ஆயினும், கையில் அகப்பட்டதைக் கைவிடுவதற்கும் ஒரு மனத்திண்மை வேண்டும். படைபலம் மட்டுமே அதைத் தந்துவிடாது.

போர்க்களத்தில் ஆயுதங்கள் பட்ட நூற்றுக்கணக்கான தழும்புகள் அவரது உடலுக்கு அணியாயின என்கிறார் ஹரிசேணர். அதே மன்னர் மடியில் வீணையுடன் அமர்ந்திருப்பதை அவரது பொற்காசுகளில் காணலாம். வைதிக வேள்வியாகிய அசுவமேதத்தை அவர் நடத்தியதற்கும் பொற்காசுகளே சான்று. இருப்பினும் பிற சமயத்தை அவர் புறக்கணிக்கவில்லை. இலங்கை மன்னர் மேகவர்ணர், புத்த கயைக்கு யாத்திரை வரும் தம் நாட்டுத் துறவியர் தங்குவதற்கு அங்கே ஒரு மடம் எழுப்ப அனுமதி வேண்டியபோது, அவர் அதனை வழங்கினார். இச்செய்தியைச் சீன நூல் ஒன்று காத்துத் தந்துள்ளது.

அவருக்குப் பின் அவருடைய மகன் இரண்டாம் சந்திரகுப்தரின் காலத்தில் பேரரசு மேலும் விரிந்தது. பின்னர் காலப்போக்கில் மறைந்தும் போயிற்று. தூண் மட்டும் நிலைத்து நிற்கிறது. ஒருவர் போரைத் துறந்து தர்மத்தை உரைத்தார். மற்றவர் போரில் வென்று, வென்றவற்றுள் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார். இரு மன்னரின் எழுத்துகளையும் ஒருங்கே தாங்கும் அக்கல், வலிமை கைவரும்போது அதனை எதற்குப் பயன்படுத்துவது என்ற வினாவை நம் ஒவ்வொருவர் முன்னும் வைக்கிறது.