பெயர் மாறிய பெருவீரர் விக்டர் பார்னா



டென்மார்க்கில் நீங்கள் பயிலும் பாடசாலைகளிலும், மாலைவேளைகளில் கூடும் கழகங்களிலும் மேசைப்பந்தாட்டம் நன்கு அறிமுகமான விளையாட்டாகும். 1926ஆம் ஆண்டில் அனைத்துலக மேசைப்பந்தாட்டச் சம்மேளனம் தோன்றியபோது, அதன் தொடக்க உறுப்பு நாடுகள் ஒன்பதனுள் டென்மார்க்கும் இந்தியாவும் இடம்பெற்றன. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டியில் மைக்கேல் மேசே, ஃபின் டக்வெல் ஆகிய இருவரும் இரட்டையர் ஆட்டத்தில் டென்மார்க்குக்கு வெண்கலப் பதக்கம் ஈட்டித் தந்தனர். இவ்விளையாட்டின் முதற்பெரும் வீரர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர் விக்டர் பார்னா. நாடு விட்டு நாடு வந்த குடும்பங்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்ட்டில் 1911 ஓகஸ்ட் 24ஆம் நாள் யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜியோசோ பிரௌன். அக்காலத்தில் ஹங்கேரியில் யூதர்மீது வெறுப்பு மிகுந்திருந்தது. அதனால் யூத இளைஞர் பலர் தம் குடும்பப் பெயரைக் கைவிட்டு ஹங்கேரியப் பெயர் பூண்டனர். பிரௌன் என்னும் ஜெர்மன் பெயர் பழுப்பு நிறத்தைக் குறிப்பது. அதே நிறத்தைக் குறிக்கும் ஹங்கேரியச் சொல்லாகிய பார்னா என்பது அவரது புதிய பெயராயிற்று. ஜியோசோ என்பதற்கு வெற்றியாளன் என்பது பொருள். பிறநாட்டார் வழங்கிய விக்டர் என்பதற்கும் அதுவே பொருள். பெயரின் ஒலி மாறிற்று, பொருள் மாறவில்லை.

1929ஆம் ஆண்டில் புடாபெஸ்ட்டில் நடைபெற்ற உலகப் போட்டியில், பதினேழு வயதிலேயே இரட்டையர் ஆட்டத்தில் அவர் வாகை சூடினார். அடுத்த ஆண்டு பெர்லினில் ஒற்றையர் ஆட்டத்திலும் உலக வீரரானார். 1931ஆம் ஆண்டில் அவ்விருதைப் பெற்றவர், இரட்டையர் ஆட்டத்தில் அவருக்குத் துணைநின்ற நண்பர் மிக்லோஷ் சபடோஷ். மேசையின் ஒருபுறம் துணைவராகவும் மறுபுறம் எதிரியாகவும் நின்ற அவ்விருவரின் நட்பு குறிப்பிடத்தக்கது. பின்னர் 1932 முதல் 1935 வரை நான்கு முறை தொடர்ந்து பார்னாவே ஒற்றையர் பட்டத்தைப் பெற்றார். இன்றைய மட்டைகளில் உள்ள பஞ்சு அடுக்கு அக்காலத்தில் இல்லை. புள்ளிகள் கொண்ட மெல்லிய இறப்பர் மட்டுமே இருந்தது. அத்தகைய மட்டையால், புறங்கை வீச்சில் அவர் பந்தை மின்னலெனச் செலுத்துவார்.

புகழின் உச்சியில் நின்றவேளையில், 1935ஆம் ஆண்டு பிரான்சில் நிகழ்ந்த கார் விபத்தில் அவரது வலக்கை கடுமையாகக் காயமுற்றது. அதுவே அவர் மட்டை பிடிக்கும் கை. சத்திரசிகிச்சை செய்து உள்ளே உலோகத் தகடு பொருத்தினர். அதன்பின் உலக ஒற்றையர் பட்டம் அவருக்கு மீண்டும் கிட்டவேயில்லை.

எனினும் அவர் ஆட்டத்தைத் துறக்கவில்லை. ஹங்கேரியை விட்டு நீங்கி இங்கிலாந்தில் வாழத் தொடங்கினார். 1938ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவை ஜெர்மனி கைப்பற்றியபோது, வியன்னா நகரத்து யூத வீரரான ரிச்சார்ட் பேர்க்மன் என்பவரும் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். 1939ஆம் ஆண்டு கெய்ரோவில் நடைபெற்ற உலகப் போட்டியில், தாய்நாட்டை விட்டு வந்த இவ்விருவரும் இணைந்து ஆடி இரட்டையர் பட்டத்தை வென்றனர். தனியே அடைய இயலாததைத் துணையோடு அடைந்த வெற்றி அது. உலகப் போட்டிகளில் பார்னா பெற்ற பட்டங்கள் மொத்தம் 22.

அவ்வாண்டிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. அப்போது அமெரிக்காவில் இருந்த பார்னா, அங்கேயே பாதுகாப்பாகத் தங்கியிருக்கலாம். அவரோ திரும்பி வந்து, பிரித்தானியப் படையில் சேர்ந்து, யூகோஸ்லாவியாவில் வான்குடை வீரராகப் பணிபுரிந்தார். 1943ஆம் ஆண்டில் டென்மார்க் மக்கள் தம் நாட்டு யூதர் ஏறத்தாழ 7,000 பேரைப் படகுகளில் சுவீடனுக்கு அனுப்பிக் காத்த வரலாற்றை நீங்கள் பாடசாலையில் கற்றிருப்பீர்கள். ஹங்கேரி யூதருக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1944ஆம் ஆண்டில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து கொலை முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பார்னாவுடன் ஆடிய தோழர்களும் உலகெங்கும் சிதறினர். சபடோஷ் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

போருக்குப் பின்னர் பார்னா இங்கிலாந்தையே தம் நாடாகக் கொண்டு, இவ்விளையாட்டைப் பரப்பும் பணியில் ஈடுபட்டார். 1972ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பெரு நாட்டின் லீமா நகருக்குச் சென்றிருந்தபோது காலமானார்.

மாணவச் செல்வங்களே! பார்னா தம் பெயரையும், தாய்நாட்டையும், கையின் பழைய வலிமையையும் ஒவ்வொன்றாக இழந்தார். இளமையில் பயின்ற கலை மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இன்று இந்நாட்டில் நமக்கு இல்லை. ஆயினும், நீண்ட பெயரென்று பிறர் சுருக்கி அழைக்க, நாமும் அச்சுருக்கத்திற்கே பழகிவிடுகின்றோம். உங்கள் பெயரின் பொருள் யாது என்று இன்றே பெற்றோரிடம் கேட்டறியுங்கள். அதனைத் தமிழில் பிழையின்றி எழுதப் பழகுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது அப்பெயரை ஏன் தெரிந்தீர்கள் என்ற கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.