எட்வர்ட் கிரே

எட்வர்ட் கிரே (ஏப்ரல் 25, 1862 - செப்டம்பர் 7, 1933) பிரித்தானிய அரசியல்வாதியும் பறவை ஆர்வலரும் ஆவார். 1905 முதல் 1916 வரை ஐக்கிய இராச்சியத்தின் வெளியுறவு அமைச்சராகப் பணியாற்றினார். முதல் உலகப் போர் தொடங்கியபோது இப்பதவியை வகித்தவர் இவரே.

பறவைகளுடன் முதுமை

பதவியில் இருந்தபோதே இவரது கண்பார்வை மங்கத் தொடங்கியது. பின்னர் பிரெயில் முறையில் படிக்கக் கற்றுக்கொண்டார். ஓய்வுக்காலத்தில், நார்தம்பர்லாந்திலுள்ள தமது ஃபலோடன் இல்லத்துக் குளங்களில் நீர்ப்பறவைகளைப் பேணி, தம் கையாலேயே உணவிட்டு வந்தார். அங்கிருந்த ராபின் பறவைகள் இவரது கையில் அமர்ந்து புழுக்களை உண்ணுமளவுக்குப் பழகியிருந்தன. உருவம் தெளிவாகத் தெரியாதபோதும் குரலைக் கொண்டே பறவைகளை அடையாளம் கண்டு மகிழ்ந்தார். பறவைகளின் பாடல்களை விரிவாக விளக்கும் இவரது நூல் 1927 இல் வெளியானது.

இவரது நினைவாக 1938 இல் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பறவையியல் ஆய்வு நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது.