சிறைக்கு வெளியே ஒரு நண்பர்

புனித தொன் போஸ்கோ என்றதும், சிறுவர்கள் சூழ்ந்திருக்க, சிரித்த முகத்தோடு நிற்கும் குருவானவரின் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. நம் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சிக் கூடங்களிலும் அந்தப் படம் மாட்டப்பட்டிருக்கிறது. 1888 சனவரி 31 அன்று இறந்த அவரை 1934 ஆம் ஆண்டு திருச்சபை புனிதராக உயர்த்தியது. அவருடைய பணிக்கு வித்திட்ட இடம் ஒரு சிறைச்சாலை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வட இத்தாலியில் பெக்கி என்ற சிற்றூரில், 1815 ஆகஸ்டு 16 அன்று, ஓர் ஏழை உழவர் வீட்டில் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை இறந்தார். தாய் மார்கரீத் அம்மாள் வளர்த்தார். சிறு வயதில் பண்ணைக் கூலியாக இருந்தார். படிப்புக்காக வெளியூரில் தங்கிய நாட்களில் தையல், கொல்லு வேலை, தச்சு என்று கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டார். அந்தக் கைகள் பிற்காலத்தில் அவருக்கு மிகவும் பயன்பட்டன.

1841 சூன் 5 அன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தூரின் நகருக்கு வந்தார். அங்கே அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக அமைந்தவர் அருள்தந்தை யோசேப்பு கஃபாசோ (இவரும் இன்று புனிதர்). மரண தண்டனைக் கைதிகளோடு தூக்குமேடை வரை நடந்து சென்றவர் அவர். அவரே இளங்குருவைச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே கண்டது என்ன? பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுள்ள பிள்ளைகள். நல்ல உடற்கட்டு, கூர்மையான அறிவு. ஆனால் பூச்சிகள் கடிக்க, பசியோடு, செய்வதற்கு எதுவுமின்றிச் சோம்பிக் கிடந்தார்கள். அதைவிட அவரை வாட்டியது வேறொன்று. இனி நல்லவனாக வாழ்வேன் என்று மனம் மாறி வெளியே போனவர்களில் பலர், சில நாட்களிலேயே அதே கதவு வழியாகத் திரும்பி வந்தார்கள். காரணத்தைத் தேடினார். வெளியே அவர்களுக்கு வீடில்லை, வேலையில்லை, அவர்களுக்காக ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

அன்றைய தூரின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கொத்தனார்களுக்குக் கையாளாகவும், கல் உடைப்பவர்களாகவும் வந்து குவிந்தார்கள். வேலை நின்றால் பசி; பசித்தால் திருட்டு; பிறகு சிறை. சிறைக்குப் போய் வந்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்?

தொன் போஸ்கோ சனிக்கிழமைதோறும் புகையிலை, பழங்கள், சிறு ரொட்டிகள் என்று சட்டைப் பைகளை நிரப்பிக்கொண்டு சிறைக்குப் போனார். குருவானவர் புகையிலை கொண்டுபோனாரா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கைதியிடம் நட்பு கொள்ள அதுவும் ஒரு வழி! வெளியே வந்ததும் ஞாயிற்றுக்கிழமை தம்மைத் தேடி வரும்படி அவர்களுக்குச் சொன்னார். ஆரட்டரி என்று அவர் தொடங்கிய இளையோர் கூடுகையில், முதலிடம் சிறையிலிருந்து வந்தவர்களுக்கே. வார நாட்களில் அவர்கள் வேலை செய்யும் பட்டறைகளுக்கே போய்ப் பார்த்தார். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, முதலாளிகளுக்கும் நிம்மதி. வேலை தரத் தயங்குகிறவர்களை நாம் எளிதில் குறை சொல்லிவிடுகிறோம். ஆனால் கல்லாப் பெட்டி அருகே முன்பின் தெரியாத ஒருவனை நிறுத்தும்போது பயம் வரத்தானே செய்யும்? அந்தப் பயத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் தேவைப்பட்டார்.

அவரும் ஏமாந்தார். வால்தோக்கோவில் தம் வீட்டு வைக்கோல் பரணில் தங்க இடம் கொடுத்த சிலர், காலையில் போர்வைகளோடு ஓடிப்போனார்கள். ஆனாலும் 1847 மே மாதம், மழையில் நனைந்து வந்த ஓர் அனாதைக் கொத்துவேலைச் சிறுவனுக்கு, மார்கரீத் அம்மாள் சமையலறையிலேயே படுக்கை விரித்தார்.

1855 ஆம் ஆண்டு, தூரின் அருகே ஜெனராலா என்ற சிறுவர் சிறையிலிருந்து ஏறக்குறைய முந்நூறு பேரைக் காவலரின்றி ஒருநாள் உலா அழைத்துச் சென்றார் என்றும், மாலையில் ஒருவர் குறையாமல் திரும்பினர் என்றும் சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். இதற்கான அரசு ஆவணம் கிடைக்கவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, முத்திரைத்தாளில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம். 1852 பிப்ரவரியில், ஆரட்டரிச் சிறுவன் ஒருவனைத் தச்சரிடம் தொழில் பழக விட்டபோது எழுதியது அது. இரண்டு ஆண்டுகளில் தொழிலை முழுமையாகக் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. சக்திக்கு மீறிய சுமை கூடாது. தவறு செய்தால் வார்த்தையால் மட்டுமே திருத்த வேண்டும். திருநாட்களில் முழு விடுமுறை. கீழே முதலாளி, சிறுவன், தந்தை ஆகியோரோடு தொன் போஸ்கோவும் கையொப்பமிட்டார். அடி உதையும் பட்டினியும் பயிற்சியின் பகுதி என்றிருந்த காலத்தில் எழுதப்பட்டது இது.

பட்டறைகள் பலவற்றில் பிள்ளைகள் கெட்ட பேச்சையும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டு திரும்புவதைக் கண்டபோது, தாமே பட்டறை வைக்கத் துணிந்தார். 1853 இல் செருப்புத் தைக்கும் இடமும் தையலகமும், மறு ஆண்டு புத்தகம் கட்டும் இடமும், 1856 இல் தச்சுக்கூடமும், பின்னர் அச்சகமும் வந்தன. பணம் ஏது? கடன்தான், அல்லது நல்லவர்களின் வாசலில் கையேந்தல். செருப்புப் பட்டறைக்கு முதலில் கிடைத்த இடம், மிகச் சிறியது. தொழில் தெரிந்த ஆசான் அமையும்வரை காத்திராமல், குருவானவரே அங்கே மணையில் உட்கார்ந்து, தோலைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். நான்கைந்து சிறுவர்கள் சுற்றி நின்று அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.