அப்பா கையிலா, அம்மா கையிலா? 5 ஷில்லிங்குக்காக 28 வருஷம் போராடிய எலினார் ராத்போன்

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், நேராகக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கு. திட்டத்தின் பெயரில் உதவி என்ற சொல்லே கிடையாது, உரிமை என்றுதான் வைத்தார்கள்.

அரசு கொடுக்கிற பணம் வீட்டில் யார் கையில் போய்ச் சேர வேண்டும்? பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் 1945-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இந்த ஒரு கேள்விக்காக ஒரு மசோதாவுக்கு எதிராகவே ஓட்டுப் போடுவேன் என்று ஓர் எம்.பி. மிரட்டினார். அந்த மசோதாவுக்காக 28 வருஷம் அலைந்தவரும் அவரேதான். பெயர் எலினார் ராத்போன்.

யார் இவர்?

1872 மே 12-ல் லண்டனில் பிறந்தவர். குடும்பம் லிவர்பூலைச் சேர்ந்தது, கப்பல் வணிகத்தில் பெரிய பெயர். அப்பா வில்லியம் ராத்போன் லிபரல் கட்சி எம்.பி. ஏழைகளின் வீடு தேடிப் போகும் நர்ஸ் சேவையை லிவர்பூலில் தொடங்கி வைத்தவரும் அவர்தான். எலினார் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் படித்தார். படித்தார், ஆனால் பட்டம் தரவில்லை. 1920 வரை ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டமே கொடுக்காது.

பணக்கார வீட்டுப் பெண், படித்தவர். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு வருவதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். எலினார் கையில் நோட்டை எடுத்துக்கொண்டு கணக்குக் கேட்கப் போனார்.

துறைமுகத்தில் பார்த்தது என்ன?

அப்பாவோடு சேர்ந்து லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களின் நிலை பற்றி ஆய்வு செய்தார். 1902-ல் அப்பா இறந்துபோக, அடுத்த வருஷம் அறிக்கை வெளிவந்தது. அங்கே வேலை அரை நாள் கணக்கு. காலையில் ஆட்கள் கூடி நிற்பார்கள், மேஸ்திரி கை காட்டுகிறவருக்கு மட்டும் வேலை. நம்மூரில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிற சந்திப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வாரம் நல்ல கூலி, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை.

1909-ல் வந்த இன்னோர் அறிக்கை இன்னும் உள்ளே போனது. தினக்கூலிக் குடும்பங்களின் வரவு செலவை வாரா வாரம் எழுதி வாங்கினார்கள். கடன், அடகுக்கடை, மறுபடியும் கடன். இதில் எலினார் கண்ணில் பட்டது ஒன்று. வீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதித்தார் என்பது வேறு, அதில் எவ்வளவு மனைவி கைக்கு வந்தது என்பது வேறு. பிள்ளைகளின் சாப்பாடு இரண்டாவது தொகையைத்தான் நம்பி இருந்தது.

அதே 1909-ல் லிவர்பூல் மாநகராட்சிக்கு சுயேச்சையாகத் தேர்வானார். அந்த மாமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்.

போர் காட்டிக் கொடுத்த வழி

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. படைக்குப் போன சிப்பாய்களின் மனைவிகளுக்கு அரசு வாராந்திரப் படி கொடுத்தது. பிள்ளைகள் எத்தனையோ அதற்கேற்பத் தொகை கூடும். தொடக்கத்தில் அரசு இயந்திரம் திணறியது, பணம் தாமதமானது. லிவர்பூலில் இந்தக் குடும்பங்களைக் கவனிக்கும் அமைப்பை எலினார்தான் நடத்தினார்.

அங்கே அவர் பார்த்தது துறைமுகக் கதைக்கு நேர் எதிர். கணவர் ஊரில் இல்லை, போர்க்கால விலைவாசி வேறு. அப்படியும் முன்பு வாரக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டிருந்த பல வீடுகளில் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். காரணம் ரொம்ப எளிமை. பணம் தேதி தவறாமல் வந்தது, அம்மா கைக்கு வந்தது, வாய்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வந்தது. போர்க்காலத்தில் செய்ய முடிவதை அமைதிக் காலத்தில் ஏன் செய்யக் கூடாது? 1917-ல் சில நண்பர்களோடு இதற்காக ஒரு குழு தொடங்கினார்.

இல்லாத பிள்ளைகளுக்குச் சம்பளமா?

1924-ல் அவர் எழுதிய தி டிஸின்ஹெரிடெட் ஃபேமிலி என்ற புத்தகம்தான் இந்தக் கதையின் மையம். அதில் அவர் கை வைத்தது குடும்பச் சம்பளம் என்கிற கருத்தின் மீது.

அன்று தொழிற்சங்கங்களும் சீர்திருத்தவாதிகளும் கேட்டது இதுதான்: ஓர் ஆணின் சம்பளம் அவர், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேர் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எலினார் மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார், சரியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிற தொழிலாளி எத்தனை பேர்? கொஞ்சம் பேர்தான். கல்யாணமே ஆகாதவர்கள் உண்டு, பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டவர்கள் உண்டு. எல்லோருக்கும் ஐந்து பேருக்கான சம்பளம் கொடுத்தால், காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் படியளக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மறுபக்கம் ஐந்தாறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்போதும் பற்றாக்குறை.

இன்னொரு அடியும் இருந்தது. ஆணுக்குக் குடும்பம் இருக்கிறது, அதனால் அவருக்குக் கூடுதல் சம்பளம் என்பதுதான் பெண்களுக்குக் குறைவாகக் கொடுக்க முதலாளிகள் சொன்ன சாக்கு. பிள்ளைகளின் செலவை அரசு தனியாகக் கொடுத்துவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும். வேலைக்குச் சம்பளம், பிள்ளைக்குப் படி. இரண்டையும் பிரி என்றார்.

இந்தப் புத்தகத்தைப் படித்து மனம் மாறியவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். பின்னாளில் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கே வரைபடம் போட்டுக் கொடுத்தவர்.

எதிர்த்தது யார்?

பணக்காரர்கள் எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. அவர்களின் பயத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகளுக்குத்தான் அரசு கொடுக்கிறதே, உனக்கு எதற்குச் சம்பள உயர்வு என்று முதலாளி கேட்டால் என்ன பதில் சொல்வது? டி.யு.சி. எனப்படும் தொழிற்சங்கக் கூட்டமைப்பு இந்தத் தயக்கத்திலிருந்து வெளியே வர 1942 ஆனது.

பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அரசுக்கு இந்தத் திட்டம் பிடித்துப்போனதற்கு ஒரு காரணமே சம்பள உயர்வுக் கோரிக்கையைத் தணிக்கலாம், விலைவாசி ஏறாமல் பார்க்கலாம் என்பதுதான். பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் 1940-ல் இதை ஆதரித்ததும் அந்தக் கோணத்தில்தான். எலினாருக்கு அந்த ஆதரவு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சரி. அந்த வருஷமே திட்டத்தை ஆதரித்து இன்னொரு சின்னப் புத்தகம் போட்டார்.

அதற்குள் அவர் எம்.பி. ஆகி 11 வருஷம் ஆகியிருந்தது. 1929-ல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகள் ஓட்டுப் போடும் தொகுதியில் சுயேச்சையாக வென்றவர், கடைசிவரை எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகளுக்காக அவர் நாடாளுமன்றத்தில் போட்ட சண்டை தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இந்தியாவில் சறுக்கிய இடம்

இந்தியப் பெண்களின் நிலை பற்றியும் அவருக்கு அக்கறை இருந்தது. அக்கறையைக் காட்டிய விதம்தான் சிக்கல். 1929-ல் லண்டனில் இந்தியப் பெண்கள் பற்றி அவர் கூட்டிய மாநாட்டில் தன்வந்தி ராமா ராவ் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ராணி மேரி கல்லூரியில் பாடம் நடத்தியவர் அவர். எங்கள் நாட்டுச் சமூகக் கொடுமைகளைச் சரிசெய்ய நாங்கள் இருக்கிறோம் என்பதுதான் அவர் தரப்பின் சாரம். ஓட்டுரிமை விஷயத்திலும் இதே உரசல். சொத்துத் தகுதி உள்ளவர்களின் மனைவிகளுக்காவது ஓட்டு கிடைக்கட்டும் என்றார் எலினார். இந்தியப் பெண்கள் அமைப்புகள் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கேட்டன. லிவர்பூலில் முதலில் காது கொடுத்துக் கேட்டவர், இங்கே முதலில் பேசிவிட்டார்.

1945: அந்தக் கடைசிச் சண்டை

1942 பெவரிட்ஜ் அறிக்கை, முதல் குழந்தையை விட்டுவிட்டு அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 8 ஷில்லிங் என்று பரிந்துரைத்தது. அரசு கொண்டுவந்த மசோதாவில் அது 5 ஷில்லிங் ஆனது, அதாவது கால் பவுண்டு. பள்ளியில் சாப்பாடும் பாலும் கொடுக்கிறோமே என்று காரணம் சொன்னார்கள். இதை எலினார் சகித்துக்கொண்டார்.

சகிக்க முடியாதது வேறு. பணம் அப்பாவுக்கு உரியது என்று மசோதாவில் எழுதியிருந்தார்கள். குடும்பத்தைக் காப்பாற்றும் சட்டப் பொறுப்பு அவருடையது, ஆகவே பணமும் அவருடையது என்பது அதிகாரிகளின் தர்க்கம். அப்போது எலினாருக்கு 72 வயது. இப்படியே வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். கிடைத்தவரைக்கும் லாபம் என்று பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் துறைமுக வீடுகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவருக்கு, அப்பா பெயரில் வரும் 5 ஷில்லிங் அம்மா பெயரில் வரும் 5 ஷில்லிங் அல்ல.

கடைசியில் அரசு இறங்கி வந்தது. கொறடா உத்தரவு இல்லாமல் எம்.பி.க்கள் தங்கள் விருப்பப்படி ஓட்டுப் போடலாம் என்று விட்டார்கள். அவை அம்மாவின் பக்கம் நின்றது. 1945 ஜூன் 15-ல் குடும்பப் படிச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது.

1946 ஜனவரி 2-ல் எலினார் ராத்போன் இறந்தார். முதல் தொகை வழங்கப்பட்டது அந்த ஆண்டு ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. தபால் நிலையங்களில் படிப் புத்தகத்தை நீட்டிப் பணம் வாங்கியதை அவர் பார்க்கவில்லை.

1970-களின் தொடக்கத்தில் இந்தப் பணத்தை அப்பாவின் சம்பளக் கவருக்கு மாற்றலாமா என்று அரசு யோசித்தபோது பெண்கள் அமைப்புகள் மறுபடியும் கிளம்பின. 1975-ல் புதுச் சட்டம் வந்தது. 1977 ஏப்ரலில் இருந்து முதல் குழந்தைக்கும் பணம் கிடைத்தது, அதுவும் அம்மா கைக்கே.